பக்கத்து வயலின் தண்ணீர்

அது எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சிறுபோகம், கோடையில் நெல் விளைவிக்கும் காலம். இரணைமடுக் குளம் வற்றிக்கொண்டிருந்ததால் வயல்களுக்குத் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிட்டார்கள். எங்கள் முறை வந்த நாளில் ஐயா மலேரியாக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவும் நானும் அவரருகில் இருந்ததால் முறை தவறிப்போயிற்று.

இரண்டு நாள் கழித்து, பயிர் செத்திருக்கும் என்று நினைத்தபடி விடியலில் வயலுக்குப் போனேன். மங்கிய வெளிச்சத்தில் வயல் முழுவதும் தண்ணீர் மினுங்கியது. தும்பிகள் அதன்மேல் மிதந்தன. கனவோ என்று காலை வைத்துப் பார்த்தேன், குளிர்ந்தது.

வரம்பில் பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு நின்றார். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியவர். எங்கள் வீட்டில் ஒருநாளும் அவருக்கு உட்காரக் கதிரை கொடுத்ததில்லை. அன்று அவருடைய முறை. வரம்பை வெட்டித் தண்ணீரை எங்கள் பக்கம் விட்டிருந்தார்.

“உங்கட பயிர் வாடுமே, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?” என்றேன்.

“தெரியலீங்கம்மா. கதிர் வர்ற நேரத்துல காயுறதப் பாத்தேன். கை தானா வெட்டி விட்டுருச்சு,” என்றார் வெட்கத்தோடு.

இன்றுவரை யோசிக்கிறேன், அதற்கு மேல் ஒரு காரணமும் எனக்கு அகப்படவில்லை.

அறுவடையில் எங்கள் நெல் நன்றாக மணி பிடித்திருந்தது. அவருடைய வயலில் தண்ணீர் எட்டாத மேட்டு மூலை முழுவதும் பதர். அதைப்பற்றி அவர் ஒருநாளும் எங்களிடம் கதைத்ததில்லை.