ஃபுசாயோவெல்லாம் எந்த மூலைக்கு

ஒன்பதாவது முடித்ததோடு சரி, அதற்கு மேல் படிக்கவில்லை. ஒற்றை இஸ்திரிப் பெட்டியோடு தொடங்கி, இன்று நாகவோகாவில் மூன்று சலவைக் கடை வைத்திருக்கிறேன். வங்கி மேனேஜர் என்னைக் கண்டால் எழுந்து நின்று வணங்குவார். ஆனாலும் இதை எழுதக் கை கூசுகிறது.

என் கடையில் முப்பத்தொரு வருஷம் கறை எடுத்தவர் ஃபுசாயோ. ஒயின், ரத்தம், துரு, கிமோனோப் பட்டில் ஒட்டிய உதட்டுச் சாயம், எதுவும் அவர் தூரிகைக்குத் தப்பாது. முகர்ந்து பார்த்தே எதில் கரையும் என்று சொல்லிவிடுவார். புருஷன் போனபின் ஒற்றை ஆளாக மகளைப் படிக்கவைத்தார். யாராவது பாராட்டினால், "நானெல்லாம் என்னங்க" என்பார். அந்த 'எல்லாம்' இருக்கிறதே, எங்கள் ஜப்பானிய மொழியில் அது 'நன்கா'. தன்னைச் சொன்னால் பணிவு. அடுத்தவரைச் சொன்னால் செருப்படி.

பனி கொட்டிய ஒரு ஜனவரியில் சலவைக்காரர் சங்கச் செயலாளர் ஓபாத்தா கடைக்கு வந்தார். அந்த வருஷக் கைத்திறன் விருதை ஃபுசாயோவுக்குத் தர நினைப்பதாகவும், முதலாளி சம்மதித்தால் போதும் என்றும் சொன்னார். தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் ஃபுசாயோ வேலையாக இருந்தார்.

"எங்க ஃபுசாயோவெல்லாம் எந்த மூலைக்கு?" என்றேன்.

நம்மவரை வெளியாள் முன் தாழ்த்திப் பேசுவது வழக்கம்தான். வந்தவர் விடாமல் இன்னொரு முறை கேட்பதும் வழக்கம். ஓபாத்தா கேட்கவில்லை. "அப்போ உங்க பேரையே போட்டுடட்டுமா, இகராஷி சான்?" என்றார். நானெல்லாம் எதற்கு என்றேன். எனக்கு மட்டும் இரண்டாம் முறையும் கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

உள்ளே தூரிகைச் சத்தம் நின்றிருந்தது.

பணிவாகத்தான் சொன்னேன் என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். பொய். அவர் பெயரைக் கேட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது. கடையை வளர்த்தவன் நான், மேடை அவளுக்கா என்று.

மறுநாள் சமாதானம் சொல்லப் போனேன். நம்ம ஆளை நாமே உசத்திப் பேசக்கூடாதே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

"உங்க பையன் கல்யாணத்துல விருந்துக்கு உக்காராம வாசல்ல நின்னு எல்லார் கோட்டையும் வாங்கி மாட்டினேனே முதலாளி," என்றார் நிமிராமல். "அன்னைக்கும் நான் நம்ம ஆள்தானா?"

அப்போதாவது ஓபாத்தாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

விழாவன்று காலை என் கறுப்புக் கோட்டின் மார்பில் சோயா சாஸ் கறை. அதை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான், சுவடே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு மேடையேறி, கைத்திறன் என்று பொறித்த தகட்டை வாங்கினேன். இந்தக் கைக்கு இன்றுவரை ஒரு கறையும் எடுக்கத் தெரியாது.