ஓடிபி ஆரணிக்குப் போய்விட்டது!

சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் மகள் வீட்டுக்கு நானும் நாத்தனாரும் போயிருந்தோம். ஆரணியில் எங்கள் பட்டுச்சேலைக் கடைக்கு வரும் அழைப்புகள் தவறக்கூடாதென்று என் சிம்மைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, அங்கே வேறு சிம் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் காலை, ஆளில்லாத பூங்காவில் நடக்கும்போது நாத்தனாருக்குத் திடீரென வியர்த்துக் கை நடுங்கியது. அவர் சர்க்கரை நோயாளி, சர்க்கரை இறங்கிவிட்டது. அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்திலிருந்த குளிர்பான இயந்திரத்துக்கு ஓடினேன். கையில் அந்த ஊர்ப் பணம் இருந்தது. ஆனால் அதில் நோட்டுப் போட வழியில்லை, கார்டு மட்டுந்தான். என் வங்கிக் கார்டை வைத்தேன், ஏற்கவில்லை. வெளிநாட்டில் பயன்படுத்தும் அனுமதியைத் திறக்க மறந்திருந்தேன். போனில் திறக்கப் போனால் ஓடிபி கேட்டது. அது ஆரணி சிம்முக்கல்லவா போகும்!

வாட்ஸ்அப்பில் கணவரை அழைத்தேன். "களம்பூர் பஸ்ல போய்கினு இருக்கேன், ஒண்ணும் கேக்கல" என்றார்.

"உங்க அக்காவுக்கு மயக்கம் வருதுங்க! ஓடிபிய ஜல்தியா படிங்க!" என்று கத்தினேன்.

அவர் தேடிப் படிப்பதற்குள் முதல் ஓடிபிக்கு நேரம் கடந்துவிட்டது. இரண்டாவதை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். கார்டு வேலை செய்தது. நாத்தனார் பாதி ஜூஸ் குடிக்கும்வரை கணவர் போனை வைக்கவில்லை. "அக்கா, ஒரு வார்த்தை பேசுக்கா" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார்.

இப்போதெல்லாம் வெளிநாட்டுக்குக் கிளம்பும் முன்பே கார்டு அனுமதியைத் திறந்து, போய் இறங்கியதும் சின்னதாக ஏதாவது வாங்கிப் பார்த்துவிடுகிறேன். என் சிம் என்னிடமே இருக்கிறது. நாத்தனாரோ கைப்பையில் நாலு சாக்லேட் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

– மல்லிகா, ஆரணி