எறும்புக்காரரின் அண்ணன்

கல்லூரியின் பூச்சி ஆய்வகத்தில் அவருக்கு எறும்புக்காரர் என்று பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. உதவியாளர் வேலைதான். கண்ணாடிப் பெட்டிகளில் வளரும் எறும்புகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, பஞ்சை நனைப்பது, குப்பையை அள்ளுவது. ஆனால் பார்வையாளர் நாள் வந்துவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. துறைத் தலைவரே ஒதுங்கி நின்று அவரைப் பேசவிடுவார். அப்படி வாய் ஓயாமல் பேசுகிறவர், வீட்டிலிருக்கும் அண்ணனைப் பற்றி மட்டும் வெளியில் மூச்சு விட்டதில்லை.

அப்பா போன பிறகு குடும்பத்தைத் தலையில் சுமந்தவர் அந்த அண்ணன்தான். பஸ் ஓட்டினார். தம்பியைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து வைத்தார், தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள மட்டும் நேரம் கிடைக்காமல் போயிற்று. போன வருஷம் குடலில் கட்டி வந்து அறுவை சிகிச்சை நடந்தது. அதிலிருந்து மலம் வயிற்றோடு ஒட்டிய ஒரு பையில்தான் இறங்குகிறது. என்ன கழுவினாலும் சில நேரம் வாடை வரத்தான் செய்யும். தம்பி முகம் சுளிக்கவில்லை; அந்த அளவுக்குக் கெட்டவரில்லை. "உனக்குத்தாண்ணே வசதி" என்று சொல்லி, அண்ணனின் கட்டிலைக் குளியலறைக்குப் பக்கத்திலிருந்த பின்னறைக்கு நகர்த்தினார். விருந்தாளி வந்தால் அந்தக் கதவைச் சாத்திவைத்தார். முதலில் சாத்தும்போது கொஞ்சம் கூசியது, பிறகு பழகிவிட்டது.

இந்த வருஷம் பார்வையாளர் நாளுக்கு வீட்டு ஆட்களையும் அழைத்து வரலாம் என்று கல்லூரியில் சொன்னார்கள்.

"நீ பேசுறத ஒரு தடவையாவது கேக்கணும்டா" என்றார் அண்ணன்.

"அது மாணவர்களுக்கு மட்டும்ணே." வாய் கூசாமல் வந்தது பொய்.

அன்றைக்கு நல்ல கூட்டம். எறும்புக்காரரின் பேச்சு களைகட்டிவிட்டது.

"இதுல இருக்கறது அத்தனையும் அக்கா தங்கச்சிங்க. நமக்குக் கூடப்பிறந்தவங்கன்னா பாதிதான் ஒத்துப்போகும். இதுங்களுக்கு அப்பன் பங்கு அப்படியே ஒண்ணா வந்துடும், நாலுல மூணு பங்கு ஒரே ரத்தம். அதனாலதான் தனக்குன்னு பிள்ளைகுட்டி இல்லாம, கூடப்பிறந்ததுங்களை வளர்க்கறதுலயே ஆயுசு முடிஞ்சுடுது. அதுல அதுங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்ல!"

வருஷா வருஷம் இதைச் சொல்கிறார். ஒரு நாளாவது அண்ணன் ஞாபகம் வந்ததா என்றால், இல்லை.

அடுத்தது எல்லோரும் காத்திருக்கும் வேடிக்கை. செத்த எறும்பின் உடம்பில் ஊறும் எண்ணெயை ஒரு தூரிகை நுனியில் எடுத்து, உயிரோடிருந்த ஓர் எறும்பின் முதுகில் தடவினார். இன்னொரு எறும்பு வந்தது, முகர்ந்தது, கவ்வித் தூக்கிக்கொண்டு குப்பை மூலைக்கு நடந்தது. தூக்கப்பட்டது ஆறு காலையும் உதைத்துக்கொண்டு போயிற்று. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"மூஞ்சியைப் பாக்காது, மூக்குதான். நெருக்கமா வாழுற கூட்டம், ஒண்ணு அழுகினா அத்தனைக்கும் நோய் வந்துடும். அக்காவாவது தங்கச்சியாவது, தூக்கி வெளியே!"

"தம்பி, அது திரும்பி வந்தா சேத்துக்குமா?"

பின்வரிசையிலிருந்து வந்த குரல். தேய்த்த வெள்ளைச் சட்டையும் நரைத்த தலையுமாக அண்ணன் நின்றிருந்தார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். அவரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. பக்கத்திலிருந்த அம்மாள் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தாள்.

எறும்புக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. துறைத் தலைவர் அதைக் கவனித்துவிட்டார். "உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல சார், யாரோ" என்றார். சொன்னது கூட்டத்துக்கே கேட்டிருக்கும். அதோடு விட்டாரா? பார்வையாளருக்குப் பதில் சொல்கிற அதே சிரிப்போடு நிமிர்ந்தார். "சேத்துக்கும் பெரியவரே. உடம்பைச் சுத்தமாத் தொடைச்சுக்கிட்டு வந்தா சேத்துக்கும்."

அண்ணன் தலையை ஆட்டினார். கூட்டம் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தபோது அவர் அங்கே இல்லை.

அதற்குமேல் என்ன பேசினோம் என்று எறும்புக்காரருக்கே தெரியாது. கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. எல்லோரும் போன பிறகும் கழுவின பெட்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

வாசலிலேயே மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்க அண்ணன் அங்க வந்தாராமே! பிரமாதமா பேசினீங்களாம். எல்லார்கிட்டயும் இவர்தான் என் அண்ணன்னு காட்டினீங்களாம். அவருக்கு ஒரே சந்தோஷம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பின்னறைக்குப் போனார். அண்ணன் குளியலறை வாசலில் குந்தி, அந்த வெள்ளைச் சட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே..." என்றார்.

அண்ணன் தலை நிமிரவில்லை. சட்டையைத் தண்ணீரில் அலசினார்.

"ரெண்டு தடவை குளிச்சிட்டுத்தாண்டா வந்தேன்" என்றார்.