ஞானகுமாரி திருவிருந்துக்குப் போகவில்லை

என் மனைவி ஞானகுமாரிக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரியும். அப்பேர்ப்பட்டவள் ஒரு வார்த்தை பேசாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்ததுதான் எங்கள் நூம்பல் சபையைக் கதிகலங்க வைத்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. பீடத்தின் முன்னால் வரிசையாக முழங்கால் போடுவோம். போதகர் அப்பம் தருவார், பிறகு எல்லோருக்கும் ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சரசம். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் போகக் கூடாது, சமாதானமான பிறகுதான் போக வேண்டும். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிறவள் இரண்டு மாதம் தொடர்ந்து எழுந்திருக்கவில்லை என்றால் சபை என்ன நினைக்கும்? யாரோடோ பெரிய சண்டை என்றுதான். அந்த ஆள் தான்தானோ என்று ஒவ்வொருவரும் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அவளுக்கு ஹெபடைடிஸ் பி என்று வந்தது. கிருமி ஈரலைக் கெடுக்க ஆரம்பித்துவிட்டது, தினமும் ஒரு மாத்திரை, நீங்களாக நிறுத்தவே கூடாது என்றார் தனியார் டாக்டர். அன்றிலிருந்து வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "நான் வாய் வெச்ச பாத்திரத்துல ஊரே குடிக்கணுமா? நான் போமாட்டேன். சபையில வாயத் தொறந்தீங்க, அப்பால கீது உங்களுக்கு," என்றாள். நான் ஏன் வாயைத் திறக்கிறேன்.

இரண்டாவது மாதமும் அவள் போகாத அன்று மாலையே வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பக்கத்துத் தெரு ஃபெபி. "அக்கா, உங்க கேக் தட்டு தொலைஞ்சிடுச்சின்னு சொன்னேன்ல, அது பொய்க்கா. என் நாத்தனாருக்குக் குடுத்துட்டேன்," என்று கண்ணைக் கசக்கினாள். அப்படியொரு தட்டு இருந்ததே ஞானகுமாரிக்கு மறந்துபோயிருந்தது. இருந்தாலும் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "சரி போ, மன்னிச்சிட்டேன்," என்றாள்.

அடுத்து பாடகர் குழுத் தலைவர் ஞானசேகரன், கையில் ஒரு பை ஆப்பிளோடு. ஈஸ்டர் ஆராதனையில் அவள் மைக்கை மட்டும் அணைக்கச் சொன்னது அவர்தானாம். இது அவளுக்கு உண்மையிலேயே புதுச் செய்தி. "அப்டியாண்ணே," என்று இழுத்தாள் பாருங்கள், மனிதர் இன்னொரு பை வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஓடியே போனார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. டீ போடுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

கடைசியாக வந்தவள் ரெனிதா. அரசு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை. வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்து அழுதாள். "நீங்க எளைச்சிட்டீங்கன்னு, அழகா தெரியணும்னு பட்டினி கெடக்கறாங்கன்னு நாலு பேராண்ட சொல்லிட்டேன்க்கா. அதானே கோவம்?"

இறுக்கி வைத்த முகம் அதோடு உடைந்தது. "உம்மேல இன்னாடி கோவம் எனக்கு? எனக்கு ஹெபடைடிஸ் பி கீது. மாத்திரை கட்டுப்படியாவல. அவருக்குக் கம்பெனில ஓவர்டைம் நின்னதுலேர்ந்து ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுகினு கீறேன்."

என் கையிலிருந்த வடிகட்டி கீழே விழுந்தது. எனக்கே அது அப்போதுதான் தெரியும். தினமும் சாப்பிட்ட பிறகு அவள் அண்ணாந்து விழுங்கியதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். பாதி நாள் விழுங்கியது வெறும் தண்ணீரா?

ரெனிதா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இதுக்காக்கா? அந்த மாத்திரை எங்க ஆஸ்பத்திரில சும்மா தராங்க. நான்தான் எடுத்துக் குடுக்கறேன்." என் பக்கம் திரும்பினாள். "பால்ராஜ் அண்ணே, நாளைக்கே கூட்டினு வாங்க. அப்புறம், ஒரே கிளாஸ்ல குடிச்சா இது ஒட்டாது. அது பரவுற வழியே வேற."

"அப்ப அந்த டம்ளர நான் தனியா கழுவினது?" என்றாள் ஞானகுமாரி.

"சும்மா கழுவனீங்க."

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் டீ பொங்கி அடுப்பே அணைந்துபோனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஒருநாள் விட்டு ஒருநாள் கதையைக் கேட்டு அவளை நன்றாகத் திட்டினார். ஈரல் இன்னும் தாங்குகிறது, இனி ஒருநாள்கூட விடக்கூடாது என்றார். எனக்கும் பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் தடுப்பூசி போட்டார்கள். ரெனிதா ஜன்னல் வழியாக மாத்திரையை நீட்டினாள், பரிசு கொடுப்பதுபோல. திரும்பும்போது பஸ்ஸில் நாங்கள் இறங்கும் வேலப்பன்சாவடி வரும்வரை ஞானகுமாரி கீர்த்தனை பாடினாள். அணைக்க அங்கே மைக் இல்லை.

அடுத்த முதல் ஞாயிறு. புதுப்புடவையில் அவள் எழுந்தாள். சபையே பெருமூச்சு விட்டது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. வரிசையில் பாதி தூரம் போனவள் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"இன்னாங்க, வரல?"

"மனஸ்தாபம் கீது."

"யாராண்ட?"

"உன்னாண்டதான். வெறுந்தண்ணிய முழுங்கி என்ன ஏமாத்திட்ட. உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் இன்னாடி பண்ணுவேன்?"

அவள் கண் நிரம்பிவிட்டது. "இனிமே எதையும் மறைக்கமாட்டேங்க. மன்னிச்சிடுங்க."

"எனக்கு ஆப்பிள் இல்லியா?"

"ஊட்டுக்கு வாங்க, வெச்சிக்கறேன்," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.

கடைசி ஆட்களாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டோம். பாத்திரம் முதலில் அவளிடம் வந்தது. குடித்தாள். போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து என் பக்கம் நீட்டினார். அவள் குடித்ததிலேயே நானும் குடித்தேன்.