அய்யம்பேட்டையில் நிற்கும் வண்டி

ஒரு மெக்கானிக்கை வேலையை விட்டு நீக்கச் சொல்லி, எதுகை மோனை தவறாமல் மூன்று பக்கம் கடிதம் எழுதியவன் நான். ஒரு நகலைக் கம்பெனியின் சென்னை ஆபீசுக்கு அனுப்பினேன். இன்னொரு நகலை, பிற்காலத்தில் யாராவது என் எழுத்துகளைத் தொகுத்தால் உதவட்டும் என்று டிரங்குப் பெட்டியில் வைத்தேன். யாரும் தொகுக்கவில்லை. கரையான் மட்டும் வந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமையாகப் படித்துவிட்டுப் போனது.

போன வாரம் வண்டியை சர்வீசுக்கு விட்டிருந்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. குளுகுளு அறையில் உட்காரவைத்து, பொத்தானை அழுத்தினால் காப்பி கொட்டும் ஒரு யந்திரத்தைக் காட்டிவிட்டுப் போனாள் ஒரு பெண். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என் வண்டியை யாரோ பிரித்துக்கொண்டிருந்தார்கள். யார் என்று தெரியாது. சத்தம் வராது. வாசனை வராது. காப்பியிலும் வாசனை இல்லை என்பதால் எனக்கு வேறொரு வாசனை தேவைப்பட்டது. மண்ணெண்ணெயும் ஈரச் சேறும் கிரீசும் கலந்த ஒரு வாசனை. எங்கள் ஊர் ரயில்வே ரோட்டில் அன்று இருந்த ஷோரூமின் பின்பக்கத் தகரக் கொட்டகையில் அது இருக்கும்.

என் முதல் வண்டியை அங்கேதான் வாங்கினேன். வாலாஜாபாத்தில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு அதுதான் முதல் இன்ஜின். அதுவரை எங்கள் வீட்டில் இருந்த யந்திரமெல்லாம் தறிதான்; அதற்குக் கிக்கர் தனியாகக் கிடையாது, நாள் முழுக்க மிதிப்பதுதான் வேலையே. அண்ணன் நெய்துகொண்டிருந்தார், இப்போதும் நெய்கிறார். எனக்குக் கால் ஓடவில்லை, வாய் ஓடியது, அதனால் பரீட்சை எழுதி ஆபீசுக்குப் போனேன் என்பது குடும்பத்தின் கருத்து.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். தெருவில் விட்டால் மாடு உரசும். கடைசியில் தறிக் கூடத்திலேயே, தறிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை நான்கு மாதம் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் வழுக்கும். பிரேக் போடும்போதெல்லாம் பெட்ரோல் டேங்குக்கு முத்தம் கொடுக்கிறமாதிரி முன்னால் போய்விடுவேன். இருந்தாலும் அந்த உறையோடு சந்நிதித் தெருவில் போகும்போது, தேரில் போகிறவர்களே என்னை ஒதுங்கி நின்று பார்ப்பதாகத் தோன்றும்.

வாங்கிய இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, ஆபீசுக்குப் போகும் வழியில், அய்யம்பேட்டையில் வண்டி நின்றது.

முனகவில்லை, இருமவில்லை. விளக்கணைத்தமாதிரி நின்றது. உதைத்தேன். ஆட்டிப் பார்த்தேன், உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் நன்றாகக் கேட்டது. நின்ற இடம் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். சோக் இழு என்றார் ஒருவர். சாய்த்துப் பிடி என்றார் இன்னொருவர். கால் மணி நேரம் கழித்து, எந்த வைத்தியமும் செய்யாமல் உதைத்தபோது தானாகவே கிளம்பியது. மறுநாளும் அதே அய்யம்பேட்டை. அதற்கு மறுநாளும். ஒரு நாள் நான் வரும்போது டீக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒம்போதே கால் ஆயிடுச்சுபா. சாரு வந்து நின்னுட்டாரு பாரு."

ஷோரூமுக்குப் போனேன். அங்கே ஒரு மேனேஜர் இருந்தார். பாக்கெட்டில் மூன்று பேனா வைத்திருப்பார், மூன்றுமே எழுதாது. அவர் ஒரு அட்டையில் என் புகாரைக் குறித்துக்கொண்டு, கொட்டகையைப் பார்த்து "டில்லி" என்று கூப்பிட்டார். டில்லிபாபு வந்தான். என் வயதுதான் இருக்கும். ஒல்லி, காக்கிச் சட்டை, காதில் ஒரு குச்சி.

அந்தக் கொட்டகைக்கு ஒரு விதி உண்டு. எந்த வண்டியானாலும் முதலில் தண்ணீர் அடித்துக் கழுவி, காற்றுக் குழாயால் சந்து பொந்தெல்லாம் ஊதிய பிறகுதான் மெக்கானிக் தொடவேண்டும். அழுக்கு வண்டியில் கைவைத்தால் அழுக்கு வேலைதான் வரும் என்பார் மேனேஜர். நல்ல விதிதான். கழுவினார்கள். பிறகு டில்லி பிளக்கைக் கழற்றித் துடைத்தான், கார்புரேட்டரைப் பிரித்து மாட்டினான், மூங்கில் மண்டபம் வரை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தான்.

"வண்டில ஒண்ணும் இல்லியே சார். சூப்பரா கீது."

வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் அய்யம்பேட்டையில் நின்றது.

இப்படி மூன்று முறை. மூன்றாவது முறை டில்லி அய்யம்பேட்டை வரைக்கும் ஓட்டிப் போய், அங்கே டீ குடித்துவிட்டே வந்தான். வண்டி நிற்கவில்லை. மேனேஜர் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, அரை கிளட்ச் என்றால் என்ன, அதைப் பிடிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கால் மணி நேரம் விளக்கினார். "வண்டிய கொற சொல்லக் கூடாது சார். சில பேருக்குக் கை ராசி அப்டி" என்று முடித்தார். டில்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரிதான் அந்தக் கடிதம். ஆபீசில் எனக்குக் கோப்பு எழுதத் தெரியும், வீட்டில் நான்கு அலமாரி புத்தகம் படித்திருந்தேன். இரண்டும் சேர்ந்தால் மனிதனுக்கு எவ்வளவு கெட்ட புத்தி வரும் என்பது அப்போது தெரியாது. 'டில்லிபாபு எனும் அன்னாருக்குக் கை இருக்கிறது, வினை தெரியவில்லை. ஆகவே அவரைக் கைவினைஞர் என்று தாங்கள் அழைப்பது தமிழுக்குத் தாங்கள் இழைக்கும் தீங்கு' என்று ஒரு வரி. அந்த வரிக்காகவே மீதி மூன்று பக்கத்தையும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எழுதி முடித்துவிட்டு அதை நானே இரண்டு முறை உரக்கப் படித்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் டில்லி எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளோடு நின்றான். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"மெட்ராஸ்லருந்து இன்ஜினியர் வராரு சார் இன்னிக்கி. உங்க லெட்டர எடுத்துக்கினு வராராம்."

"நல்லது. வரட்டும்" என்றேன். நீதி கிடைக்கப் போகிறவனின் குரலில் சொன்னேன்.

"இந்த மாசந்தான் சார் என்னிய பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இப்ப, இன்ஜினியர் வந்து பாத்துட்டு வண்டில கொற இல்லன்னு சொல்லிட்டா தப்பிச்சேன், இருக்குதுன்னா ஊட்டுக்குப் போன்றாரு மேனேஜரு." கொஞ்சம் நிறுத்தி, "ஒரு தபா, கழுவாத வண்டிய நான் ஓட்டிப் பாக்கணும் சார். நீங்க பின்னாடி ஒக்காருங்க. ஆபீசுக்கு எப்டி போவீங்களோ அப்டியே போலாம்" என்றான்.

அந்த மூன்று பக்கத்தில் பர்மனென்ட் என்ற சொல்லுக்கு நான் இடம் விடவில்லை. பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டி கிளம்பி வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்தது. டில்லி நன்றாக ஓட்டினான், என்னைவிட நன்றாக. அதைக் கவனிக்காததுபோல் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அய்யம்பேட்டை டீக்கடைக்கு எதிரே வண்டி நின்றது.

பெஞ்சிலிருந்து ஒரு குரல், "இன்னிக்கி டிரைவர் வெச்சிக்கினு வந்து நிக்கிறாருபா" என்றது.

டில்லி இறங்கவில்லை. கிக்கரையும் தொடவில்லை. வண்டி மேலேயே உட்கார்ந்தபடி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். நின்றுபோன வண்டியில் கேட்பதற்கு என்ன இருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு சாவியை எடுத்து டேங்க் மூடியைத் திறந்தான். உஸ் என்று ஒரு பெருமூச்சு. நீண்ட நேரம் தண்ணீருக்குள் இருந்தவன் மேலே வந்தால் விடுவானே, அந்தமாதிரி. மூடியை மூடினான், ஒரே உதை, வண்டி கிளம்பியது. கால் மணி நேரக் காத்திருப்பு இல்லை.

அதற்குப் பிறகுதான் அவன் மூடியைப் பார்த்தான். அதிலிருந்த பொட்டைப் பார்த்தான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"இத்த யாரு சார் வெச்சது?"

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்லவேண்டும். உழைக்கிற பொருள் எதுவானாலும் வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. தறிக்கு உண்டு, கத்தரிக்கு உண்டு, தராசுக்கு உண்டு. வெளியே போய்ப் பழுது பார்த்து வந்த சாமான் என்றால், வீட்டுக்குள் வந்ததும் கிழமை பார்க்காமல் வைக்கவேண்டும். வண்டி தறிக்குப் பக்கத்தில் நின்றதால் அதுவும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டது. "உன் வண்டிக்கு நீயே வெய்யி" என்று அம்மா சொல்லிவிட்டாள். நானும் கர்வத்தோடு வைத்தேன். எங்கே வைப்பது என்று தேடியபோது, டேங்க் மூடியில் பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை கண்ணில் பட்டது. நம் ஊர்ப் பழக்கம் தெரிந்து, பொட்டு உதிராமல் நிற்பதற்காகக் கம்பெனிக்காரன் விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அவனுடைய முன்யோசனையை மெச்சி, விரல் நுனியால் நன்றாக அழுத்தி வைப்பேன்.

"நாந்தான் வெச்சேன்" என்றேன்.

"எப்பப்ப?"

"வெள்ளிக்கிழமை. அப்புறம், நீங்க சர்வீஸ் பண்ணிக் குடுத்து வீட்டுக்கு வந்ததும்."

என் ஆபீஸ் பையிலிருந்து ஒரு குண்டூசி வாங்கிக்கொண்டு குடைய ஆரம்பித்தான். மேலே இன்று காலை வைத்த ஈரச் சந்தனம், கீழே குங்குமம், அதற்கும் கீழே முந்தைய வாரத்துச் சந்தனம், கல்லாக. அகழ்வாராய்ச்சிக்காரன்போல அடுக்கடுக்காக எடுத்தான்.

"டேங்கு மூச்சு வுடணும் சார். பெட்ரோல் எறங்க எறங்க மேல காத்து உள்ள போவணும். போவுலன்னா எறங்காது. நாங்க தண்ணி அடிச்சா தொறந்துக்குது, நீங்க ஊட்டுக்குப் போயி மூடிடறீங்க."

அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை மாதமாக அவர்கள் கழுவித் திறந்ததை நான் பக்தியோடு அடைத்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும் வழியில் எனக்குள் ஒரு குமாஸ்தா பேசிக்கொண்டிருந்தான். வண்டி சரியாகிவிட்டது, நன்றி என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. காரணம் சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டது என்றான். நல்ல குமாஸ்தா. பிற்காலத்தில் பதவி உயர்வெல்லாம் அவன்தான் வாங்கிக் கொடுத்தான்.

ஷோரூமில் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். மேசை மேல் என் கடிதம், மூன்று பக்கமும் விரித்து. நாங்கள் நுழைந்ததும் மேனேஜர் டில்லியிடம் பாய்ந்தார்.

"காலைலருந்து கஸ்டமர் வண்டிய எங்க எடுத்துக்கினு போன நீ? யாரக் கேட்டு எடுத்த? நின்னுச்சா இல்லியா, அத்த சொல்லு."

"நின்னுச்சு சார்" என்றான் டில்லி. காரணம் சொல்லி ஒரே நிமிஷத்தில் என் மானத்தை வாங்கியிருக்கலாம். சொல்லாமல் சட்டைப் பையில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மேனேஜர் இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் பேனாவைத் திறந்தார். திறந்த பேனாவின் அர்த்தம் அரசாங்க ஊழியனுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

"எழுதாதீங்க" என்றேன். "தப்பு என்னுது. வண்டிலயும் கொற இல்ல, இவரு மேலயும் கொற இல்ல. மூச்சு வுடற ஓட்டைல நான் சந்தனம் வெச்சிட்டேன்."

கொட்டகையிலிருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை என்பது பெரிய உதவி. மேனேஜர் இரண்டு பேருக்குமாகச் சேர்த்துச் சிரித்தார். அதை எழுதித் தரமுடியுமா என்று இன்ஜினியர் கேட்டார். எழுதினேன். இரண்டே வரி. எதுகை இல்லை, மோனை இல்லை. மேனேஜரின் மூன்று பேனாவும் எழுதாததால் டில்லி தன்னுடையதைக் கொடுத்தான். நான் எழுதியதிலேயே ஒருவருக்குப் பயன்பட்ட உரைநடை அந்த இரண்டு வரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த மாதமே டில்லி பர்மனென்ட் ஆனான். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா பொட்டை ஹெட்லைட்டுக்கு மாற்றினாள். "சாமிக்கு எங்க வெச்சா என்னா" என்றாள்.

அந்த ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது பல் டாக்டர் இருக்கிறார். தகரக் கொட்டகை போய்விட்டது. கார்புரேட்டர் என்று என் பையனிடம் சொன்னால், ஏதோ வாத்தியத்தின் பெயர் என்று நினைக்கிறான். புது வண்டி நின்றால் கம்ப்யூட்டரில் குத்திப் பார்த்து அதுவே காரணம் சொல்கிறது. காரணத்தில் நம்முடைய விரல் இருந்தால்கூட அதற்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுகிறது. வண்டியைத் தொட்டவர் பெயரை யாரும் சொல்வதில்லை. பெயர் தெரியாத ஒருவரைத் திட்டிக் கடிதம் எழுதமுடியாது. எழுதாவிட்டால், போய்த் திருப்பி வாங்கிக்கொள்ளவும் வழியில்லை.

சென்ற தை மாதம் கூரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்து இலையில் டில்லி உட்கார்ந்திருந்தான். ஓரிக்கையில் சொந்தமாக ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான், கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள் என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வரிசைக்காரர்களைக் கூப்பிட்டு, இவர் யார் தெரியுமா என்று ஆரம்பித்து, அய்யம்பேட்டையில் அவன் மூடியைத் திறந்ததைச் சொன்னேன். அதைவிடக் கொஞ்சம் விரிவாக, நான் எல்லார் முன்னாலும் உண்மையை ஒப்புக்கொண்டதையும் சொன்னேன். ஒரு மனுஷன் வேலை போகக்கூடாது என்று நம் மானத்தைக் கொடுத்துவிடவேண்டும் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

டில்லி பாயசத்தை வழித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

"சார் சொன்னது நல்லதாப் போச்சு" என்றான் எதிர்வரிசையைப் பார்த்து. "சொல்லுவாரோ மாட்டாரோன்னு, நோண்டி எடுத்த சந்தனத்த பேப்பர்ல மடிச்சி பாக்கெட்லயே வெச்சிக்கினு நின்னேன் நானு."