ரேடியேட்டர் மூடி

கொதித்த துருத் தண்ணீருக்கு ஒரு வாசனை உண்டு. காய்ந்த இரும்புக் கடாயில் செம்மண் தண்ணீரைத் தெளித்தால் வருமே, கிட்டத்தட்ட அது. இன்றும் சாலையோரத்தில் ஏதாவது ஒரு வண்டி பானெட்டைத் திறந்துகொண்டு நின்றால், வாசனை வருவதற்கு முன்பே ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுவேன்.

நைனா, அதாவது என் அப்பா, ஆலங்காயத்தில் பழைய அம்பாசடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். ஜமுனாமரத்தூருக்கு மலையேறுகிறவர்களும் வாணியம்பாடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு வண்டிதான் எங்களுக்குச் சோறு போட்டது. மூன்றாம் வகுப்பு படித்த எனக்கும் அதில் ஓர் உத்தியோகம் இருந்தது. காலையில் பம்பர் மேல் ஏறி நின்று, ‘ஆயில் குச்சி’யை உருவி, கிழிந்த பனியன் துணியால் துடைத்து, மறுபடி விட்டெடுத்து, எண்ணெய் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கழுத்துவரை தண்ணீர் ஊற்ற வேண்டும். ரப்பர் குழாயில் எங்கோ சொட்டிக்கொண்டே இருந்ததால் தினமும் ஒரு சொம்பாவது பிடிக்கும். “பாப்பா, தண்ணி பாத்தியா?” என்று பல் விளக்கிக்கொண்டே நைனா கேட்பார். “பாத்தேன்” என்பேன். அதற்கு மேல் அவர் திறந்து பார்த்ததில்லை. எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் கோடையில் பக்கத்து வீட்டு டிரைவர் மாமா, மலையில் கொதித்து நின்ற தன் வண்டியின் மூடியை அவசரப்பட்டுத் திறந்துவிட்டார். வெந்நீர் முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடித்திருந்தது. வாழையிலையில் படுத்துக் கிடந்தவரை அம்மாவின் முந்தானைக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதை இன்றும் எழுத வரவில்லை. “சூடா இருக்கும்போதுதான் அது பாம்பு. காத்தால ஒண்ணும் பண்ணாது, பயப்படாத” என்றார் நைனா. எனக்குப் பாம்பு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

மறுநாள் காலை சொம்போடு பம்பர் மேல் ஏறி நின்றேன். மூடியைத் தொடக்கூட முடியவில்லை. தண்ணீரை முருங்கை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தேன். “பாத்தியா?” “பாத்தேன்.” பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்று நாள் முருங்கைக்கு நல்ல யோகம்.

நான்காவது நாளும் அப்படியேதான். அன்று ஞாயிற்றுக்கிழமை, வாடகை இல்லை. காவலூருக்கு மேலே இருந்த சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அம்மா, மடியில் கைக்குழந்தையாகத் தம்பி. முன்சீட்டில், டெம்பரேச்சர் முள்ளுக்கு நேர் எதிரே நான். அடிவாரம் வரை முள் நடுவிலேயே இருந்தது. ஏற்றம் தொடங்கியதும் மெல்ல நகர ஆரம்பித்தது. சிவப்புக் கோட்டுக்கும் அதற்கும் இடையில் ஒரு விரற்கடைதான் இடைவெளி.

நைனாவும் பார்த்துவிட்டார். கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டு தட்டினார். “இன்னா, முள்ளுக்குக் கிறுக்கு புடிச்சிடுச்சா? கொழந்த காத்தாலதானே தண்ணி பாத்துச்சு” என்று சொல்லிவிட்டு கியரை மாற்றி மேலே ஏற்றினார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வளைவு போயிற்று, இன்னொரு வளைவு போயிற்று. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வானம். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் கேட்டது, அந்த வாசனை வந்தது, பானெட் ஓரத்தில் வெள்ளையாகப் புகைந்தது. நைனா வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பானெட்டைத் தூக்கி, தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றினார்.

எனக்கு வாழையிலைதான் தெரிந்தது. “தொறக்காத நைனா! நான் தண்ணி ஊத்தல. நாலு நாளா ஊத்தல!” என்று அலறினேன். அனுபவப்பட்ட மனிதர், சூட்டோடு திறந்திருக்க மாட்டார் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று அவருடைய முகம் உரிந்துவிடும் என்றே நம்பினேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். என்னைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புளியமர நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் ஆறிய பிறகு டிக்கியிலிருந்த கேனை எடுத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். எஞ்சின் திணறியது, ஓடவில்லை. “காத்தால ஊத்தறதுதானேடி உன் வேல?” என்று அம்மா என் மேல் பாய்ந்தாள். “வுடு. நான்தான் பாத்திருக்கணும்” என்றார் நைனா.

வண்டி பத்து நாள் திருப்பத்தூர்ப் பட்டறையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. திரும்பி வந்த மறுநாள் நான் எழுவதற்குள் நைனா தானே தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார். அதற்கடுத்த நாளும் அப்படியே. “பாத்தியா?” என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை. அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன்.

இப்போது நான் சொந்தமாகக் கார் ஓட்டுகிறேன். போன மாதம் நைனாவைச் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனேன். கிளம்பும் முன் முன்சீட்டில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கி எதையோ தேடினார். “முள்ளு எங்க?”

“இந்த வண்டியில முள்ளு இல்ல நைனா. ரொம்ப சூடானா செவப்பு லைட்டு எரியும்.”

“எரிஞ்சப்புறம் தெரிஞ்சு இன்னா பண்றது?” என்றவர், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: “தண்ணி பாத்தியா?”

தண்ணீர் போய் கூலண்ட் வந்துவிட்டது. மூடியைத் திறக்கத் தேவையில்லாமல் வெளியே ஒரு டப்பாவில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். அன்று காலை எஞ்சின் ஆறியிருந்தபோது இரண்டு முறை குனிந்து பார்த்திருந்தேன்.

“பாத்தேன்” என்றேன்.

“செரி, எடு” என்றார்.

நான் கதவைத் திறந்து இறங்கி, பானெட்டைத் தூக்கி, இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்து வண்டியை எடுத்தேன்.