மருந்து அறைக்கு இரண்டாவது கதவு

எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், தீக்குச்சி முனைக்கு மருந்து வைக்கும் அறையின் சுவரில் சாக்பீஸால் ஒரு கதவு வரைந்திருந்தார்கள். நெடுக்காக இரண்டு கோடு, மேலே குறுக்காக ஒன்று. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு சின்ன வட்டமும் போட்டிருந்தார்கள். கொத்தனார் வந்து அந்தக் கோட்டின்படி இடித்து வழி விடுவார் என்று பேச்சு. அடைமழையில் ஓதம் ஏறிக் கோடு மங்கினால் யாராவது அதன் மேலேயே மறுபடி வரைந்துவிடுவார்கள். கதவு வராவிட்டாலும் கோட்டைப் பராமரித்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

போன வாரம் அந்தக் கோடு ஞாபகம் வந்ததற்கு நான் செய்யும் தொழில்தான் காரணம். கோவில்பட்டியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, சீன மொழி பேசும் பெரியவர்களுக்குக் கணினி வழியே ஆங்கிலம் கற்பிக்கிறேன். நடுவயதில் ஒருவன் இந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தான் என்பது தனிக் கதை. அதில் வேலை கிடைக்காத அத்தியாயங்கள் அதிகம். அன்றைய பாடம் ‘லக்கியஸ்ட்’. அவர்கள் மொழியிலும் நம் மொழியிலும் இப்படிச் சொல்லுக்கு ‘எஸ்ட்’ என்று வால் முளைப்பதில்லை. முன்னால் ஒரு ‘மிக’ போட்டால் வேலை முடிந்தது. ஆகவே சொல்லின் வடிவத்தை விட்டுவிட்டு விஷயத்துக்குப் போனேன். ஒருவரை லக்கியஸ்ட் என்று சொல்ல வேண்டுமானால் பக்கத்தில் அதிர்ஷ்டம் குறைந்தவர்கள் சிலர் நின்றாக வேண்டும், அவர்கள் யார் என்று கேளுங்கள் என்றேன். துணிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு மாணவி உதாரணம் கேட்டாள். என் வாயில் அத்தை வந்துவிட்டாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கரிசல் காட்டில் எங்களுக்கு நிலம் உண்டு. மழை உண்டா என்பதுதான் கேள்வி. உளுந்து பொய்த்த ஒரு வருஷம் அவள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டாள். குச்சி அடுக்கிய சட்டங்களை மருந்தில் முக்கி எடுக்கும் வேலை. ஒரு நாள் காயப்போட்ட சட்டம் ஒன்று உரசித் தீப்பிடித்தது. உள்ளே மூன்று பெண்கள், வெளியே வர ஒரே வாசல். வாசலை ஒட்டி நின்ற அத்தை சேலை நுனிகூடக் கருகாமல் வந்துவிட்டாள். மற்ற இருவரும் பிழைத்தார்கள். ஒருத்திக்கு முதுகும் இன்னொருத்திக்கு இரண்டு கைகளும் வெந்துபோயின. ஊர் அன்று சாயங்காலமே பேச ஆரம்பித்தது. வெந்தவர்களைப் பற்றி அல்ல, அத்தையின் அதிர்ஷ்டத்தைப் பற்றி.

எங்கள் பக்கம் விதைப்பு தொடங்கும்போது முதல் பிடி விதையைக் கைராசிக்காரர்தான் தூவ வேண்டும். முதலாளி அந்த வழக்கத்தை மருந்து அறைக்குள் கொண்டுவந்தார். தினமும் காலையில் அத்தைதான் முதலில் உள்ளே போக வேண்டும், முதல் சட்டத்தை அவள்தான் முக்க வேண்டும். அத்தோடு பாதுகாப்பு ஏற்பாடுகள் முடிந்தன. தீயணைக்க மண் நிரப்பித் தொங்கவிட்ட சிவப்பு வாளிகள் வெற்றிலை எச்சில் வாங்கிக்கொண்டன. விபத்துக்கு அப்புறம் வரைந்த சாக்பீஸ் கதவு சாக்பீஸாகவே நின்றது. சரக்கு வாங்க வரும் வெளியூர்க்காரர்களுக்கு முதலாளி அவளைக் காட்டி, “தி லக்கியஸ்ட் லேடி” என்பார். அவருடைய ஆங்கிலத்தில் பிழையில்லாத பகுதி அது ஒன்றுதான்.

“என்னிய மண்வாளின்னு நெனச்சிட்டான்லே அந்த ஆளு,” என்றாள் அத்தை. “செவுத்துல ஒரு கதவு வையின்னு கேக்கேன். அதான் நீ இருக்கியேங்கான்.”

குடும்பத்தில் ஆங்கிலம் படித்தவன் என்று என்னைத் தூது அனுப்பினார்கள். விதிமுறை, மனித உயிர் என்றெல்லாம் தயாரித்துக்கொண்டு போனேன். முதலாளி கடம்பூர் போளி வரவழைத்தார்.

“சாப்பிடுங்க சார். கதவுதான, வச்சிருவோம். மேக்க பாத்து வாசல் ஆகுமான்னு ஜோசியர்ட்ட கேக்கணும்லா? அதுவரைக்கும் உங்க அத்தை இருக்காவ. அவிய இருந்தா நெருப்பு கிட்ட வராது.”

“அன்னைக்கும் அவிய உள்ளதான அண்ணாச்சி இருந்தாவ? பத்திக்கிட்டுல்லா?”

“அவியளுக்கு ஒண்ணும் ஆகலயே!” என்றார், வழக்கை வென்ற வக்கீலின் முகத்தோடு. நான் நெய் விரலோடு வீடு திரும்பினேன்.

அத்தை படிக்காதவள் இல்லை. ஆனால் என்னைப் போலப் படித்துக் கெட்டவளும் இல்லை. ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனவள் உள்ளே போகாமல் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“யக்கா, உள்ள போகலயா?” என்று கேட்டாள் கூட வேலை செய்பவள் ஒருத்தி.

“மனசு சரியில்லட்டி. நீங்க போங்க.”

ஒருத்தியும் அசையவில்லை. கை வெந்தவள் அப்போது லேபிள் ஒட்டும் கூடத்தில் இருந்தாள். அவளும் எழுந்து வந்து அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலாளி வந்து சத்தம் போட்டார், பிறகு கெஞ்சினார். “அப்ப நீங்க போயி ஒரு சட்டம் முக்கிட்டு வாங்க அண்ணாச்சி, பின்னாலயே வாரோம்,” என்றாள் கை வெந்தவள். முதலாளி வேட்டியைச் சரிசெய்தார், வாசற்படியைத் தாண்டவில்லை. கைராசியை அவரே உண்மையில் நம்பினார் என்பது அத்தை அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஒனக்கு எப்பம்மா மனசு சரியாகும்?”

“அந்தச் செவுரு இடிஞ்சா ஆயிரும் அண்ணாச்சி.”

மத்தியானத்துக்குள் கொத்தனார் வந்துவிட்டார். மேற்குத் திசை பற்றி யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அந்த அறை இன்னொரு தடவை பற்றிக்கொண்டது. இந்த முறை பழைய வாசல் பக்கம் தீ. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் புது வாசல் வழியாக ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்துவிட்டார்கள். அத்தை அன்று வேலைக்கே போகவில்லை. காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தாள். இனியாவது ஊருக்குப் புரியும் என்று நினைத்தேன். பழமும் ஹார்லிக்ஸுமாக வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள்.

“நான் இங்கன கெடந்தேன்ட்டி! அங்கன இல்லவே இல்ல!”

“அதான் யக்கா, படுத்துக்கிட்டே காப்பாத்திட்டீய.”

எங்கள் அத்தைக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. பழத்தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சுவரை இடித்தவர் கொத்தனார், இடிக்க வைத்தவள் அவள். பேர் வாங்கிக்கொண்டது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்துக்குச் செங்கல் வேண்டாம், கூலி வேண்டாம், கேள்வி கேட்கும் வாய் கிடையாது. முதலாளிகளுக்கு அதைப் போல வசதியான வேலையாள் வாய்க்காது.

இந்தக் கதையை மாணவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லி முடித்தபோது கீழே யாரோ அழைக்கும் சத்தம். கழுகுமலைப் பக்கமிருந்து வேறொரு தீப்பெட்டி ஆபீஸின் மேனேஜர் அத்தையைத் தேடி வந்திருந்தார். அவள் வேலையை விட்டு நின்று வெகுகாலம் ஆகிறது. எங்களோடுதான் இருக்கிறாள்.

“ஒரு வாரம் வந்து எங்க மருந்து ரூம்ல முதல் சட்டம் முக்கிக் குடுங்கம்மா. காரு அனுப்புதோம். வேலைக்கு வார பிள்ளைய எல்லாம் உள்ள போக பயப்படுதுக.”

“ரூமுக்கு எத்தன கதவு?” என்ற அத்தையின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

“ஒண்ணுதான். அதான் நீங்க வருதீங்கல்லா!” என்று அவர் சிரித்தார்.

கீழே பேசுவது அத்தைதான் என்று திரையில் காத்திருந்த துணிக்கடை மாணவியிடம் சொன்னேன். உங்கள் அத்தை என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

“வாரேன்,” என்றாள் அத்தை. “காருல கடப்பாரை வைக்க எடம் இருக்கும்லா?”